ஜான் எரிக்சனும் 15 பவுண்டு வெடிமருந்தும்

1862 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் வர்ஜீனியா கரையோரம், ஹாம்ப்டன் ரோட்ஸ் என்கிற நீர்ப்பரப்பில் இரண்டு கவசக் கப்பல்கள் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. தெற்கின் கப்பல் 'வர்ஜீனியா'. வடக்கின் கப்பல் 'மானிட்டர்'. இரும்புக் கவசம் பூண்ட கப்பல்கள் நேருக்கு நேர் மோதிய முதல் சண்டை இது. யாரும் ஜெயிக்கவில்லை.

மானிட்டரில் இருந்தவை 11 அங்குல வாய் கொண்ட இரண்டு பெரிய பீரங்கிகள். அவற்றின் குண்டு ஒவ்வொன்றும் 75 கிலோவுக்கு மேல். அந்தக் குண்டுகள் வர்ஜீனியாவின் இரும்புத் தகட்டை விரிசல் விட வைத்தன, தகட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தை நொறுக்கின. துளைத்துக்கொண்டு உள்ளே மட்டும் போகவில்லை. போகாததற்கு முக்கியமான காரணம், ஒரு வெடிக்கு 15 பவுண்டு மருந்துக்கு மேல் போடக் கூடாது என்று கடற்படை கட்டுப்படுத்தியிருந்தது. பிறகு சோதித்துப் பார்த்தபோது அதே ரகப் பீரங்கி 30 பவுண்டையும் தாங்கியது.

மானிட்டரை வடிவமைத்த ஜான் எரிக்சனைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அதன் சுழலும் பீரங்கிக் கூண்டிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு இந்த 15 பவுண்டிலிருந்து தொடங்கத்தான் பிடிக்கும். அந்தக் கஞ்சத்தனத்துக்குப் பின்னால் 18 வருஷத்துக்கு முந்தைய ஒரு சாவு வீடு இருக்கிறது. அதில் எரிக்சனின் பெயரும் அடிபட்டது.

அவர் பிறந்தது 1803-இல், ஸ்வீடனின் வேர்ம்லாண்ட் பகுதியில். சுரங்கமும் இரும்பு உலையுமாக இருந்த ஊர். அப்பா சுரங்கத் தொழிலில் பணத்தை விட்டுவிட்டு, யோத்தா கால்வாய் வெட்டும் வேலைக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். ஜானும் அண்ணன் நில்ஸும் சிறு வயதிலேயே கால்வாய்த் திட்டத்தில் பயிற்சி மாணவர்களாகச் சேர்ந்தார்கள். 14 வயதில் ஜான் நில அளவை வேலையை நடத்திக்கொண்டிருந்தார். அளவைக் கருவியின் கண்ணாடி வழியாகப் பார்க்க உயரம் எட்டாததால், அவர் ஏறி நிற்க ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் பின்னாலேயே போவாராம். அப்புறம் ராணுவத்தில் சேர்ந்து வடக்கே அளவை வேலை. இவர் வேலை செய்த வேகத்துக்குக் கணக்கில் இரண்டு ஆள் பெயர் எழுதிச் சம்பளம் கொடுத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

1826-இல் லண்டனுக்குக் கிளம்பினார். கையில் இருந்தது, நீராவி இல்லாமல் நெருப்பின் சூட்டையே நேரடியாகப் பயன்படுத்தும் ஓர் எஞ்சின். ஸ்வீடனில் விறகு போட்டு எரித்தபோது நன்றாக ஓடியது. இங்கிலாந்தில் எரிப்பது நிலக்கரி. நிலக்கரியின் கடுஞ்சூட்டில் எஞ்சின் பாகங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. ஊர் மாறினால் அடுப்பு மாறும் என்பது கணக்கில் வரவில்லை.

அங்கே ஜான் பிரெய்த்வெயிட் என்கிற பட்டறைக்காரரோடு கூட்டுச் சேர்ந்தார். 1829-இல் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில்பாதைக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்க ரெயின்ஹில்லில் போட்டி வைத்தபோது, இருவரும் ஏழே வாரத்தில் 'நாவல்டி' என்ற எஞ்சினைக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எடை குறைவு, பார்க்க லட்சணம். முதல் நாள் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது, கூட்டம் அசந்துபோனது. அடுத்த ஓட்டங்களில் குழாய் வெடித்தது, ஒட்டுப்போட்ட இணைப்பும் விட்டுப்போனது. 500 பவுண்டு பரிசு ஸ்டீபன்சனின் 'ராக்கெட்'டுக்குப் போனது. நீராவியால் ஓடும் தீயணைப்பு எஞ்சினையும் இந்தக் கூட்டணிதான் செய்தது. இத்தனைக்கும் நடுவே, கடனைக் கட்ட முடியாமல் எரிக்சன் கடனாளிகள் சிறைக்கும் போய்வந்தார்.

லண்டனில் அவர் செய்த பெரிய காரியம் புரொப்பெல்லர், அதாவது நீருக்கடியில் சுழன்று கப்பலைத் தள்ளும் விசிறி. அன்றைய நீராவிக் கப்பல்களுக்கு இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருக்கும். சரக்குக் கப்பலுக்கு அது போதும். போர்க்கப்பலுக்கு அதுவே எமன். ஒரு குண்டு சக்கரத்தில் பட்டால் கப்பல் நின்றுவிடும். எஞ்சினும் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் பீரங்கி வைக்க வேண்டிய இடத்தையும் சக்கரம் அடைத்துக்கொள்ளும். தள்ளுகிற உறுப்பைக் கப்பலின் வாலுக்குக் கொண்டுபோய் நீருக்கடியில் வைத்துவிட்டால் மூன்று தொல்லையும் ஒரே நேரத்தில் தீரும்.

1837-இல் 45 அடி நீளமுள்ள ஒரு சிறிய படகில் இதைப் பொருத்தி, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அதிகாரிகள் உட்கார்ந்திருந்த படகைத் தேம்ஸ் நதியில் இழுத்துக்கொண்டு போனார். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் போய்த் திரும்பினார்கள். அதிகாரிகள் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். கப்பல் வடிவமைப்புக்குப் பொறுப்பான வில்லியம் சைமண்ட்ஸ் சொன்ன காரணம் இது: பின்பக்கத்திலிருந்து தள்ளினால் கப்பலைத் திருப்பவே முடியாது. அப்போதுதான் வளைவு நெளிவான ஆற்றில் திருப்பித் திருப்பி ஓட்டிக் காட்டியிருந்தார்கள். அதே சமயத்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரும் தனியாகப் புரொப்பெல்லர் செய்து காப்புரிமை வாங்கியிருந்தார். சில வருஷம் கழித்துப் பிரிட்டிஷ் கடற்படை ஏற்றுக்கொண்டது அவருடையதைத்தான். அதனால் புரொப்பெல்லரைக் கண்டுபிடித்தவர் எரிக்சன் என்று ஒரே வரியில் எழுதுவது சரியில்லை. கண்டுபிடித்தவர்களில் ஒருவர் எனலாம்.

தேம்ஸில் நடந்ததன் அருமையைப் புரிந்துகொண்டவர் ஓர் அமெரிக்கர், கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்டாக்டன். பணக்காரக் குடும்பம், அரசியல் செல்வாக்கு உண்டு, தன் பெயர் முன்னால் வர வேண்டும் என்கிற ஆசையும் உண்டு. அவர் கொடுத்த வாக்கை நம்பி 1839-இல் எரிக்சன் நியூயார்க்கில் இறங்கினார். இரண்டாவது புலம்பெயர்வு. அதன் பிறகு அமெரிக்காவை விட்டு அவர் போகவே இல்லை.

இருவரும் சேர்ந்து உருவாக்கிய கப்பல் 'பிரின்ஸ்டன்', 1843-இல் நீரில் இறங்கியது. புரொப்பெல்லரால் ஓடிய முதல் நீராவிப் போர்க்கப்பல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். எஞ்சின் முழுக்க நீர்மட்டத்துக்குக் கீழே. புகை கக்காத நிலக்கரி, தேவைப்பட்டால் மடக்கி இறக்கிக்கொள்ளும் புகைபோக்கி. அதில் 12 அங்குலப் பீரங்கிகள் இரண்டு. ஒன்று எரிக்சன் இங்கிலாந்தில் வார்ப்பட்டறைக்குச் சொல்லிச் செய்து வரவழைத்தது. சோதனையில் விரிசல் கண்டதும், சூடேற்றிய இரும்பு வளையங்களை அதன் அடிப்பகுதியில் மாட்டி இறுக்கினார். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற மாதிரிதான். பட்டை ஆறும்போது சுருங்கி, உள்ளே இருப்பதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று ஸ்டாக்டன் தன் விருப்பப்படி அமெரிக்காவில் செய்துகொண்டது. பார்க்க எரிக்சனுடையதைப் போலவே இருக்கும், அடிப்பகுதி இன்னும் தடிமன், வளையம் கிடையாது. போதுமான சோதனையும் நடக்கவில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் 'பீஸ்மேக்கர்', அதாவது சமாதானம் செய்துவைப்பவன்.

1844 பிப்ரவரி 28 அன்று ஸ்டாக்டன் வாஷிங்டனின் பெரிய மனிதர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு பொட்டோமாக் ஆற்றில் உல்லாசப் பயணம் போனார். எரிக்சனுக்கு அழைப்பில்லை. பீஸ்மேக்கரைச் சுட்டுக் காட்டினார்கள், விருந்து நடந்தது, திரும்பும் வழியில் இன்னொரு தடவை சுடச் சொல்லிக் கேட்டார்கள். பீரங்கியின் அடிப்பகுதி வெடித்துச் சிதறியது. வெளியுறவு அமைச்சர் ஏபெல் அப்ஷர், கடற்படை அமைச்சர் தாமஸ் கில்மர் உட்பட ஆறு பேர் செத்தார்கள். அந்த ஆறில் ஒருவர் ஜனாதிபதி டைலரின் அடிமையாக இருந்த ஆர்மிஸ்டெட். கீழ்த்தளத்தில் தாமதித்ததால் டைலர் பிழைத்தார். இறந்தவர்களில் இன்னொருவரான டேவிட் கார்டினரின் மகள் ஜூலியாவைத்தான் அதே வருஷம் ஜூன் மாதம் டைலர் மணந்துகொண்டார். ஒரு விபத்து யார் யார் வாழ்க்கையில் என்னென்ன செய்யும் பாருங்கள்.

ஸ்டாக்டன் காயத்தோடு தப்பினார். விசாரணையில் குற்றமில்லை என்றார்கள். பழியின் ஒரு பங்கு, அன்று கப்பலில் காலே வைக்காத எரிக்சன் பக்கம் ஒதுங்கியது. கப்பலை வடிவமைத்ததற்கு அவர் கேட்ட சுமார் 15,000 டாலரை ஸ்டாக்டன் தடுத்துவிட்டார். பல வருஷம் கழித்து நீதிமன்றம் எரிக்சனுக்கு ஆதரவாகச் சொன்ன பிறகும், அமெரிக்க நாடாளுமன்றம் அந்தப் பணத்தை ஒதுக்கவே இல்லை. 1848-இல் அந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கிக்கொண்டார் எரிக்சன். ஆனால் வாஷிங்டன் என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடற்படையின் பீரங்கித் துறைக்கும் அந்த நாள் மறக்கவில்லை. பெரிய பீரங்கி என்றாலே மருந்தைக் குறை என்கிற பயம் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் வளர்ந்து வந்த பீரங்கி நிபுணர் ஜான் டால்கிரென், அடிப்பகுதி புட்டி போலப் பருத்த ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே இரும்பு அதிகம். மானிட்டரில் ஏறியவை அவருடைய பீரங்கிகள்தான். டால்கிரெனின் அப்பாவும் ஸ்வீடன்காரர் என்பது இங்கே ஒரு வேடிக்கை.

இடைப்பட்ட காலத்தில் எரிக்சன் தன் பழைய காதலுக்குத் திரும்பினார்: சூடான காற்றால் ஓடும் எஞ்சின். வெளியேறும் சூடான காற்று போகிற வழியில் கம்பி வலைகளை அடுக்கி வைத்தார். போகிற காற்று தன் சூட்டை வலையில் விட்டுவிட்டுப் போகும், அடுத்து வரும் குளிர்ந்த காற்று அதை வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும். நல்ல யோசனை. ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டிர்லிங் முன்பே செய்தும் காட்டியிருந்தார். எரிக்சன் சறுக்கியது அடுத்த படியில். ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கலாம் என்று ரொம்பவே நம்பினார். எஞ்சின் செய்கிற வேலை, வெப்பம் செலவாகித்தான் கிடைக்கிறது. வலையில் தங்குவது மிச்சம் மட்டும்.

இதை நம்பி முதலீட்டாளர்கள் 260 அடி நீளக் கப்பல் ஒன்றைக் கட்ட, 'எரிக்சன்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் சிலிண்டர்கள் பிரம்மாண்டமாக இருந்தாக வேண்டும். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 14 அடி விட்டம். 1853-இல் ஓடியது, நீராவிக் கப்பலோடு போட்டிபோடும் வேகம் வரவில்லை. அடுத்த வருஷம் ஒரு சூறைக்காற்றில் மூழ்கியது. தூக்கி எடுத்து நீராவி எஞ்சினை மாட்டினார்கள். ஆனால் இதே எஞ்சினைச் சின்னதாகச் செய்து விற்றபோது ஆயிரக்கணக்கில் போனது. தண்ணீர் இறைக்க, அச்சு இயந்திரம் ஓட்ட, சின்னப் பட்டறைகளுக்கு. வெடிப்பதற்குக் கொதிகலனே இல்லை, பார்த்துக்கொள்ளத் தேர்ந்த ஆள் வேண்டாம். வாழ்க்கையில் அவருக்கு ஒழுங்காகக் காசு வந்தது இதில்தான்.

1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. நார்ஃபோக் துறைமுகத்தை விட்டு ஓடிய வடக்குப் படை எரித்துவிட்டுப் போன 'மெரிமாக்' என்ற கப்பலைத் தெற்கு தூக்கி எடுத்து, மேலே சாய்வான இரும்புக் கூரை போட்டுக்கொண்டிருந்தது. அதுதான் வர்ஜீனியா. வடக்கில் பதற்றம். கவசக் கப்பல் திட்டங்களைப் பரிசீலிக்கக் கடற்படை அமைச்சர் கிடியன் வெல்ஸ் மூன்று அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்தார். கனெக்டிகட் வியாபாரி கொர்னீலியஸ் புஷ்நெல் தன் கப்பல் திட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ள எரிக்சன் வீட்டுக்கு வந்தார். வந்த வேலை முடிந்ததும் எரிக்சன் ஒரு பெட்டியைத் திறந்து அட்டையால் செய்த ஒரு மாதிரியைக் காட்டினார். 1854-இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு அனுப்பிப் பார்த்து, எடுபடாமல் போன திட்டம்.

தட்டையான தெப்பம். நடுவில் ஒரு உருளை. அவ்வளவுதான். குழு அதிகாரிகளில் ஒருவர், இதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கும்பிடலாம், விண்ணிலும் மண்ணிலும் நீரிலும் இதைப்போல எதுவும் இல்லாததால் விக்கிரக வழிபாடு ஆகாது என்று பைபிளை வைத்துக் கிண்டலடித்தார். லிங்கன், காலுறைக்குள் காலை விட்ட பெண் சொன்னதைத்தான் நானும் சொல்வேன், உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது என்றாராம்.

குழுவைச் சம்மதிக்க வைக்க எரிக்சன் நேரில் வந்தால்தான் முடியும். அவரோ வாஷிங்டன் வாசலை மிதிக்க மாட்டார். புஷ்நெல் ஒரு சின்னப் பொய் சொன்னார்: உங்கள் திட்டம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, ஒருவருக்கு மட்டும் இரண்டொரு விளக்கம் வேண்டுமாம். போய்ச் சேர்ந்த பிறகுதான், திட்டத்தை ஏற்கெனவே தள்ளிவிட்டார்கள் என்பது எரிக்சனுக்குத் தெரிந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு, கப்பல் ஏன் கவிழாது என்று கணக்கோடு விளக்கினார். ஒப்பந்தம் கிடைத்தது. 2,75,000 டாலர், 100 நாள் கெடு. கப்பல் சரிவராவிட்டால் வாங்கிய பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. கடைசித் தவணை சண்டை முடிந்த பிறகுதான் வந்தது. முழுக்கக் காசு கொடுக்காத கப்பலை வைத்துக்கொண்டுதான் கடற்படை அன்று தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

1861 அக்டோபர் 25-இல் புரூக்ளினின் கிரீன்பாயிண்ட்டில் அடிக்கட்டை போட்டார்கள். ஜனவரி 30-இல் கப்பல் நீரில். உடல் ஓர் இடத்தில், எஞ்சின் ஓர் இடத்தில், கூண்டு இன்னொரு இடத்தில். கூண்டு செய்த ஆலையின் பெயர் நாவல்டி, தற்செயல்தான். ஓர் அங்குலத் தகடுகளை எட்டு அடுக்காக வளைத்துப் பிணைத்த உருளை அது. உள்விட்டம் 20 அடி, உயரம் 9 அடி, எடை 100 டன்னுக்கு மேல். சுழலும் கூண்டு என்ற எண்ணம் எரிக்சனுக்கு மட்டும் வந்ததல்ல. தியோடர் டிம்பி என்பவரிடம் அதற்குக் காப்புரிமை இருந்ததால், எரிக்சனின் கூட்டாளிகள் பிறகு கட்டிய கப்பல்களில் ஒவ்வொரு கூண்டுக்கும் 5,000 டாலர் வீதம் அவருக்குக் கொடுத்தார்கள். எரிக்சனின் சொந்தச் சரக்கு என்று நான் நினைப்பது கப்பலின் உடல். நீர்மட்டத்துக்கு மேலே முழங்கால் உயரம்கூடத் தெரியாத தட்டு, மனிதர்களும் எஞ்சினும் கழிப்பறையும் எல்லாமே நீருக்கடியில். ஸ்வீடன் ஏரிகளில் மரத்தெப்பங்கள் மேல் அலை ஏறிப் போக, தெப்பம் பாட்டுக்கு ஆடாமல் கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்ததிலிருந்து வந்த யோசனை என்று அவரே எழுதியிருக்கிறார்.

மார்ச் 6-இல் நியூயார்க்கிலிருந்து இழுவைக் கப்பலோடு கிளம்பியது. கூண்டு தன் எடையாலேயே ஒரு பித்தளை வளையத்தின் மேல் உட்கார்ந்து நீரை அடைத்துக்கொள்ளும் என்பது எரிக்சனின் ஏற்பாடு. புறப்படும் முன்பு யாரோ அதை நம்பாமல், கூண்டைத் தூக்கி அடியில் சணல் நாரைத் திணித்துவிட்டார்கள். அலை நாரை அரித்துக்கொண்டு போனது, நீர் அருவியாய் உள்ளே கொட்டியது. காற்றோட்டக் குழாய்கள் வழியாகவும் நீர் இறங்கி, மின்விசிறி இல்லாத அந்தக் காலத்தில் நீராவியால் சுழன்ற ஊதுவிசிறிகளின் தோல் பெல்ட்டுகள் நனைந்து நழுவின. எஞ்சின் அறையில் நச்சுப் புகை நிறைந்து ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். ஒருவழியாக மார்ச் 8 இரவு வந்து சேர்ந்தபோது, அன்று பகலில் வர்ஜீனியா இரண்டு பெரிய மரக்கப்பல்களை அழித்து முடித்திருந்தது.

மறுநாள் சண்டையில் கூண்டுக்குள் என்ன நடந்தது என்பது ஒரு தனி வேடிக்கை. கேப்டன் வோர்டன் முன்பக்கத்துச் சின்ன இரும்பு அறையில். அவருக்கும் கூண்டுக்கும் இடையே இருந்த பேச்சுக் குழாய் தொடக்கத்திலேயே அறுந்துபோக, சம்பளக் கணக்கர் கீலரும் கேப்டனின் எழுத்தரும் கட்டளைகளைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். கூண்டு சுழல ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம், நின்றால் கிளப்புவது கஷ்டம். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று அறிய கீழ்த்தளத்தில் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோடு அழிந்துவிட்டது. கடைசியில், கூண்டைச் சுழலவிட்டு, எதிரி துளைக்கு நேரே வரும்போது சுட்டார்கள். வாய்வழிக் கட்டளை, அழிந்த கோடு, 15 பவுண்டு மருந்து. இத்தனைக்கும் நடுவில் வர்ஜீனியாவால் மானிட்டரை ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்வைத் துளையருகே வெடித்த குண்டால் வோர்டனின் கண்கள்தான் பாதிக்கப்பட்டன. ஒன்றைக் கவனியுங்கள்: மெரிமாக்கும் புரொப்பெல்லர் கப்பல்தான். பின்னாலிருந்து தள்ளினால் திரும்பாது என்று தேம்ஸில் ஒதுக்கப்பட்ட சங்கதி, அன்று இரண்டு கப்பலையும் நான்கு மணி நேரம் வளைத்து வளைத்துத் திருப்பிக்கொண்டிருந்தது.

எரிக்சனின் பெயர் நாடெங்கும் பரவியது. மானிட்டர் ரகக் கப்பல்களுக்கு ஆர்டர்கள் குவிந்தன. வீட்டுக்குள் அவர் தனியாள்தான். ஸ்வீடனில் விட்டுவந்த மகன் யால்மரை அரை நூற்றாண்டு கழித்துத்தான் பார்த்தார். மனைவி அமெலியா நியூயார்க்கில் சிறிது காலம் இருந்துவிட்டு இங்கிலாந்துக்கே போய்விட்டார். அண்ணன் நில்ஸ் ஊரிலேயே இருந்து ஸ்வீடனின் ரயில்பாதைகளைக் கட்டிப் பிரபுப் பட்டம் வாங்கினார், பெயரில் ஓர் எழுத்தையும் குறைத்துக்கொண்டார். தம்பி கடைசிவரை வரைபலகையை விட்டு நகரவில்லை. நீருக்கடியில் குண்டு எறியும் 'டிஸ்ட்ராயர்' படகு, சூரிய வெப்பத்தில் ஓடும் எஞ்சின் என்று போய்க்கொண்டே இருந்தார். 1889 மார்ச் 8-இல் நியூயார்க்கில் இறந்தார். அடுத்த வருஷம் அமெரிக்கக் கடற்படையே 'பால்டிமோர்' என்ற போர்க்கப்பலில் உடலை ஏற்றி ஸ்வீடனுக்குக் கொண்டுபோனது. ஃபிலிப்ஸ்டாட் ஊரில் கல்லறை. அந்தப் பதினைந்தாயிரத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மானிட்டருக்கு ஆயுள் ஒரு வருஷம்கூட இல்லை. 1862 டிசம்பர் 31 அதிகாலை, கேப் ஹட்டராஸ் அருகே புயலில் மூழ்கியது. 16 பேர் மாண்டார்கள். 1973-இல் கண்டுபிடித்தார்கள். கப்பல் தலைகீழாகக் கிடந்தது, கூண்டு கழன்று அதன் அடியில். கூண்டைக் கப்பலோடு பிணைக்க எந்த ஏற்பாடும் கிடையாது, எடைதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. கவிழ்ந்ததும் விழுந்துவிட்டது. 2002 ஆகஸ்டில் அதை அப்படியே தலைகீழாகத் தூக்கினார்கள். உள்ளே இரண்டு மாலுமிகளின் எலும்புகளும், டால்கிரெனின் அந்த இரண்டு பீரங்கிகளும் இருந்தன. வெளிப்புறத்தில் வர்ஜீனியாவின் குண்டுகள் பட்ட நெளிசல்கள் இப்போதும் தெரிகின்றன.